உறுதிப்படுத்தப்படாத கூட்டறிக்கை

பாக்கியம் அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினார். பத்திரத்தை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தார். பிறகு மூடியைத் திரும்பவும் பூட்டி, பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"கையெழுத்துப் போட ஏலாதுங்க."

நாலு மாதமாக நடையாய் நடந்திருக்கிறேன். பஸ்ஸில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், பனி விலகாத காலை. லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய காம்பராவின் சிமெந்துத் தரையில், எங்கள் இருவருக்கும் நடுவே, அந்தத் தோட்டத்து மாதர் சங்கத்தின் காகிதங்கள் அத்தனையும் பரப்பிக் கிடந்தன. சங்கத்தின் செயலாளராக இருந்தவர் பாக்கியம் அக்கா. அவற்றைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குத் தருகிறேன் என்று அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் மிச்சம்.

என்னக்கா குறை என்று கேட்டேன்.

"கடைசிக் கூட்டத்து அறிக்கைய இன்னும் உறுதிப்படுத்தலைங்க. உறுதிப்படுத்தாத புத்தகத்த எப்படிங்க வெளிய குடுக்கிறது?"

கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்றேன். அடுப்படியில் நின்ற மருமகள் ஜெனிதான் பதில் சொன்னாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பாம். இப்போது அவளுடைய மூத்தவனே ஐந்தாம் வகுப்பு. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை.

சாக்குக்குள் இருந்தவை

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் போன வாரம் கடிதம் போட்டிருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய காகிதம் பொறுக்குவதற்கும் பல்கலைக்கழகத்தில் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேட்டிருந்தார். கொடுக்கிறார்கள் ஐயா. இருபத்தெட்டு வருடமாகக் கொடுக்கிறார்கள். சில நாள் எனக்கே நம்ப முடிவதில்லை.

பெரிய மனிதர்களின் காகிதம் தானாகவே காப்பகத்துக்கு வந்துவிடும். காரில் வரும், பெட்டி பெட்டியாக வரும், கூடவே படம் பிடிக்க ஆளும் வரும். லயத்துக் காகிதம் அப்படி வராது. அதைத் தேடி நாம்தான் மலை ஏற வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கரையான் முந்திக்கொள்ளும், அல்லது அடுப்பு முந்திக்கொள்ளும்.

அடுப்பென்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வட்டவளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள். அப்பா எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தார். நிர்வாகத்துக்கு அவர் எழுதிய கோரிக்கைப் பெட்டிசங்கள், அவருக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அவர் போன பிறகு, ஓர் அடைமழை வாரத்தில், விறகெல்லாம் நனைந்துபோக, அம்மா அந்தப் பெட்டியைத் திறந்து அடுப்பை மூட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு பிள்ளைகளுக்கு ரொட்டி சுட வேண்டுமே. அந்த ரொட்டியில் நானும் இரண்டு தின்றேன். கட்டச் சம்பலோடு நன்றாகத்தான் இருந்தது.

பிற்பாடு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். தோட்டத்தை நடத்திய துரைமாரின் கணக்கில் தேயிலை இருந்தது, மழை இருந்தது, மாடுகூட இருந்தது. நாங்கள் இல்லை. அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகைதான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அப்படிப்பட்டவள், கந்தப்பளையில் ஓர் அம்மா ஒரு துண்டைக்கூட அடுப்பில் போடாமல் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பாளா? அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

கொழுந்து எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கில் எல்லாவற்றையும் சுற்றி, கூரைக்கடியில் பலகை அடித்து, அதன்மேல் வைத்திருந்தார் பாக்கியம் அக்கா. அவிழ்த்ததும் விறகுப் புகை, தேயிலைத் தூள், மண்ணெண்ணெய் மூன்றும் கலந்த வாசனை வந்தது. கூட்டறிக்கைப் புத்தகங்கள் நாலு. வந்தவர் பெயர் எழுதிய கொப்பி ஒன்று. துரைக்கு அனுப்பிய பெட்டிசங்களின் கார்பன் பிரதிகள். இவற்றுக்கு நடுநடுவே அவருடைய சொந்தக் காகிதங்கள்: பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் குடியேறிய அண்ணன் எழுதிய கடிதங்கள்.

எங்கள் தொழிலில் தனியாள் காகிதம் வேறு, அமைப்பின் ஆவணம் வேறு. தனித்தனிப் பெட்டி, தனித்தனி இலக்கம். நான் வலமும் இடமுமாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். அவருடைய தம்பியின் கல்யாணப் பத்திரிகை ஒன்று கையில் வந்தது. சந்தேகமே இல்லை, தனியாள் காகிதம் என்று வலப்பக்கம் போட்டேன். பாக்கியம் அக்கா அதை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், பிள்ளைக்காம்பராவுக்குப் புதுக் கூரை கேட்டு எழுதிய பெட்டிசத்தின் முதல் வரைவு இருந்தது. வலமா இடமா என்று நான் முழித்தேன். நான் முழித்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

மூன்றாவது வசனம்

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அந்தத் தோட்டத்தில் அது மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில், ஒழுகுகிற கூரையோடு இருந்தது. மழை தூறினால் மலையில் கொழுந்து எடுக்கிறவளின் கை ஓடாது. பிள்ளைக்கு மேலே ஒழுகுமே என்று மனம் அங்கே போய்விடும். புதுக் கட்டடம் கேட்டு மாதர் சங்கம் வருடக் கணக்கில் பெட்டிசம் எழுதியது. ஒருநாள் துரை சம்மதித்துவிட்டார். சம்மதம் என்று அவர் எழுதிய கடிதம் சங்கத்தின் கடைசிக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.

நாலாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நீங்களே வாசியுங்கள் என்று என்னிடம் நீட்டினார் பாக்கியம் அக்கா. ஆறாம் வகுப்போடு நின்றவரின் கையெழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

'துரை அவர்களின் சம்மதக் கடிதம் வாசிக்கப்பட்டது. அனைவரும் கைதட்டினர். தலைவி அழுதார்.'

அந்த மூன்றாவது வசனம்தான் வினை.

தலைவி லூர்தம்மா லேசுப்பட்ட ஆளில்லை. விடிகாலைப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் அத்தனை பேருக்கும் முன்னால், துரையிடம் நேருக்கு நேர் பேசியவர். அவர் எதிரே வந்தால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே வேறு குறுக்குப் பாதையால் போய்விடுவாராம். அப்போதைய நடைமுறைப்படி கூட்டறிக்கையின் கார்பன் பிரதி ஒன்று துரையின் ஒபிசுக்குப் போகும். தான் அழுததைத் துரை வாசிப்பதா என்று லூர்தம்மாவுக்கு ஆத்திரம். அந்த வரியை வெட்டு என்றார். நடந்ததைத்தான் எழுதினேன், வெட்ட மாட்டேன் என்றார் பாக்கியம் அக்கா.

அடுத்த மாதம் கூட்டம் கூடியது. சென்ற கூட்டறிக்கையை வாசித்து உறுதிப்படுத்தச் செயலாளர் எழுந்தார். தலைவியும் எழுந்தார், எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். தலைவி போனபின் கூட்டமேது? அன்றோடு சங்கம் படுத்துக்கொண்டது. பிள்ளைக்காம்பரா மட்டும் எழும்பியது.

ஐந்து வாசல் தூரம்

இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரும் ஒரே லயம். நடுவில் ஐந்து வாசல். இத்தனை வருடமும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே மலையில் கொழுந்து எடுத்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரத்துக்குப் பிள்ளைகள்தான் தூது. பாக்கியம் அக்காவின் மகன் சிவா இங்கிருந்து போவான், லூர்தம்மாவின் கடைசி மகள் அங்கிருந்து வருவாள். தூது போய்ப் போய் அந்த இரண்டுக்கும் காதல் வந்துவிட்டது. அந்தக் கடைசி மகள்தான் நம்முடைய ஜெனி.

கோயிலில் ஒன்று, மாதா கோயிலில் ஒன்று என்று இரண்டு கல்யாணம் நடந்ததாம். இரண்டிலும் சம்பந்தியம்மாமார் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்களாம். போட்டோ இருக்கிறது, பார்த்தேன். இருவரும் கமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு நாள் பொறுத்தது இன்னும் பொறுக்கலாம் என்றால், நாள் இல்லை. லயத்தை இடிக்கப் போகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் காலி செய்தாக வேண்டும். பாக்கியம் அக்கா மகனோடும் ஜெனியோடும் எதிர்மலையில் கட்டிக் கொடுத்திருக்கும் தனி வீட்டுக்குப் போகிறார். லூர்தம்மா ஹட்டன் டவுனில் இருக்கும் சின்ன மகனிடம் போகிறார். ஜெனி என்னை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"அம்மா ஹட்டனுக்குப் போனா அதோட சரிங்க அக்கா. ரெண்டு பேரும் பேசாமயே போய்ச் சேந்துருவாங்க. உங்க பத்திரத்தக் காரணம் காட்டி ஏதாவது செய்ங்களேன்."

அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஐந்து வாசல் நடந்தேன். லூர்தம்மா அக்கா வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பலகைப் பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் செபமாலை, கையில் சுத்தியல். வந்த விஷயத்தைச் சொன்னேன். ஆணிகளைத் துப்பிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். அந்த வரி இன்னும் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். அப்படியானால் தான் வரப்போவதில்லை என்று அடுத்த ஆணியை அடிக்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பி ஐந்து வாசல். இந்த இடத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். எனக்கு முன்கோபம் உண்டு, வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். "ஒரு வரிதானே அக்கா, அடிச்சி விட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். ஓர் ஆவணக் காப்பாளர் சொல்கிற பேச்சா அது?

பாக்கியம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு எழுத்தையும் மாத்தாம வச்சிருப்போம்னு சொல்லித்தானேங்க இதெல்லாம் கேட்டு வந்தீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலும். பால் போடாத தேநீர், சாயத்தண்ணி ஒன்றை நீட்டினார். பிறகு சொன்னார்:

"அவங்களுக்குத் திருத்தம் வேணும்னா கூட்டத்துக்கு வந்து கொண்டாரட்டும். அதுக்குத்தானே கூட்டம் வைக்கிறது."

மறுபடியும் ஐந்து வாசல். அதை அப்படியே ஒப்பித்தேன். லூர்தம்மா அக்காவின் சுத்தியல் நின்றது. திருத்தம் கொண்டுவரலாம் என்று அவர் வாயாலேயே சொன்னாரா என்று இரண்டு முறை கேட்டார். சொன்னார் என்று இரண்டு முறை சொன்னேன்.

நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. ஒருவர் வெட்டு என்றார், ஒருவர் மாட்டேன் என்றார். நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதை இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தூது போன பிள்ளைகளோ காதலில் மும்முரமாக இருந்துவிட்டார்கள்.

"எங்க வைக்கிறாங்களாம் கூட்டத்த?" என்றார் லூர்தம்மா அக்கா.

ஐந்து பேர்

கூட்டம் என்றால் சும்மாவா? சங்கத்தின் யாப்புப்படி, அதாவது சட்டதிட்டப்படி, ஐந்து உறுப்பினராவது வேண்டும். பாக்கியம் அக்கா விரல் விட்டு எண்ணினார். இவர்கள் இருவர். கீழ் லயத்தில் அக்கா தங்கை இரண்டு பேர். அதோடு தோட்டத்தில் ஆள் முடிந்தது. மற்றவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. ஒருவர் மட்டும் கொழும்பில் மகள் வீட்டில் இருந்தார். அவரை வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச வைக்கலாம் என்றாள் ஜெனி.

அது செல்லுமா என்று பாக்கியம் அக்கா ஒருநாள் முழுக்க யோசித்தார். யாப்பில் 'சமுகமளித்தல்' என்றுதான் இருக்கிறதாம். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, கை தூக்கினால் அதுவும் தெரிகிறது, ஆகவே செல்லும் என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். ஐந்து அழைப்புக் கடிதங்களையும் கையால் எழுதினார். தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் இல்லாத பிள்ளைக்காம்பராவில் கூட்டம். சங்கம் கேட்டு வாங்கிய அதே கட்டடம். உள்ளே பால்மா வாசனை. சுவரில் அணில், ஆடு, இலை. பெரிய நாற்காலி ஒன்றுகூட இல்லை. மூன்று வயதுப் பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட, நாலு அம்மாமாரும் உட்கார்ந்தார்கள். கொழும்பு அம்மாவை ஐந்தாவது நாற்காலியில், பால் டின்னில் சாய்த்து வைத்தார்கள். எனக்குப் பார்வையாளர் என்று மூலையில் ஓர் இடம். வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே எச்சரிக்கை.

ஒரு நிமிட மௌன வணக்கம். பாக்கியம் அக்கா திருநீறு பூசிய நெற்றியோடு கண்ணை மூடினார். லூர்தம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகு தலைவி என்ற முறையில் கூட்டத்தைத் தொடக்கிவைத்து, சென்ற கூட்டறிக்கையைச் செயலாளர் வாசிக்கட்டும் என்றார். சொன்னது ஜன்னலைப் பார்த்துத்தான்.

பாக்கியம் அக்கா எழுந்து நின்று வாசித்தார். வந்தவர்கள் பெயர், வராதவர்கள் பெயர், பால்மா விஷயம், பீலிப் பாதைக்குக் கல் போடும் விஷயம். பிறகு துரையின் கடிதம். அனைவரும் கைதட்டினர். அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"தலைவி அழுதார்."

திருத்தம் ஏதும் உண்டா என்று பாக்கியம் அக்கா முறைப்படி கேட்டார். லூர்தம்மா அக்கா கை தூக்கினார். எழப் பார்த்தார், நாற்காலி கூடவே எழுந்தது. கீழ் லயத்துத் தங்கச்சியம்மா அதைப் பிடித்து இழுத்துவிட்டார். அப்போதுகூட எவரும் சிரிக்கவில்லை.

"நான் அழுதேன்தான்," என்றார் லூர்தம்மா அக்கா. "எம் புள்ளைங்க நாலும் அந்த ஒழுகுற கூரைக்குக் கீழதான் வளந்துச்சிங்க. இனி வர்ற புள்ளைங்களுக்காவது நனையாத எடம் கெடச்சிருச்சேன்னு அழுதேன். அத வெட்ட வேணாம். துரை வாசிச்சா வாசிக்கட்டும்."

அப்புறம் முதல்முறையாக ஜன்னலை விட்டுவிட்டுப் பாக்கியம் அக்காவைப் பார்த்தார்.

"ஆனா இது அரைகுறை அறிக்கை. நான் அழுதப்ப ஒருத்தங்க ஓடியாந்து என்னையக் கட்டிப் புடிச்சாங்க. என்னைய விட ஜாஸ்தி அழுதது அவங்கதான். பேனா அவங்க கையில இருந்துச்சி, அதனால அவங்க பேரு இதுல இல்ல. எம் பேரு மட்டும் இருக்கு. அதுதாங்க எனக்கு ஆறல."

கூட்டறிக்கை எழுதுகிறவர் தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று பாக்கியம் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒழுங்கை நம்பி, நடந்ததில் பாதியைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருக்கு அந்தச் சின்ன நாற்காலிக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. அவர் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். எழுதியபடியே, சொல் சொல்லாக, சத்தமாக வாசித்தார்.

"திருத்தம். 'தலைவியும் செயலாளரும் அழுதனர்' என வாசிக்கப்பட வேண்டும். முன்மொழிபவர், தலைவி." பேனா நின்றது. "வழிமொழியிறது யாரு?"

கீழ் லயத்து அக்கா கை தூக்கப் போனார். அதற்குள் பாக்கியம் அக்காவே தன் இடது கையை உயர்த்திவிட்டார். பால் டின்னில் சாய்ந்திருந்த கொழும்பு அம்மா கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன், பார்வையாளர் தட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். ஜெனி வாசலில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெட்டிய இலக்கம்

சந்தோஷத்தில் நான் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அறிக்கை உறுதியாகிவிட்டது, தலைவி கையெழுத்தும் போட்டாயிற்று. புத்தகம் என் பைக்குள் வர வேண்டியதுதானே? பாக்கியம் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னக்கி நடந்த கூட்டத்துக்கு அறிக்கை எழுதணுமேங்க. அத அடுத்த கூட்டத்துலதானே உறுதிப்படுத்தலாம்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. இந்தக் கூட்டத்தை உறுதிப்படுத்த அடுத்த கூட்டம். அதை உறுதிப்படுத்த அதற்கடுத்தது. இவர்களோ யாப்பை ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காதவர்கள். என் பேனாவை எடுத்து, பத்திரத்தின் பட்டியலில் இருந்த 'கூட்டறிக்கைப் புத்தகம், இலக்கம் நான்கு' என்ற வரியை நானே வெட்டினேன். மீதிக்குப் பாக்கியம் அக்கா கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த கூட்டம் எப்பங்க?" என்று கேட்டார். கேட்டது என்னிடமில்லை.

"மாசக் கடைசி ஞாயித்துக்கெழம," என்றார் லூர்தம்மா அக்கா. "ஹட்டன்ல மொத பஸ்ஸப் புடிச்சா பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன். உங்க புது வீட்டுலயே வச்சிருவோம் சம்பந்தியம்மா. நான் இன்னும் பாக்கலையே."

நான் மூன்று புத்தகங்களோடும் மற்றக் காகிதங்களோடும் மலை இறங்கினேன். திங்கட்கிழமை எங்கள் பகுதித் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, நாலாவது எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். இன்னும் பாவனையில், புழக்கத்தில் இருக்கிறது என்றேன். எப்போது வரும் என்றார். தெரியாது சேர் என்றேன்.

அந்தப் புத்தகத்தின் தடிப்புக்குப் பெட்டியில் இடம் விட்டு மற்றவற்றை அடுக்கினேன். இருபத்தெட்டு வருட வேலையில், வராமலே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே காகிதம் அதுதான்.